அந்தக் கரும்பலகையைத் திருப்பி மாட்டுங்கள்

பணியாளர் சீர்திருத்தம், மறுசீரமைப்பு, மனிதவள மேலாண்மை என்ற பெயர்களில் எங்களைப் பற்றிக் கோட்டையிலும் மாவட்டங்களிலும் முடிவெடுக்கிற அதிகாரிகளுக்கும் அமைச்சர்களுக்கும்,

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், ஓர் அரசு அலுவலகத்தில், 1999-ல் குரூப் 4 எழுதி வேலைக்கு வந்த ஒருத்தி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. 1973-ஆம் வருஷத்து நடத்தை விதிகளின்படி அரசை விமர்சித்து நான் பொதுவில் எழுதக் கூடாது, எழுதினால் விளக்கம் கேட்டு மெமோ வரும், ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச வருஷமே இருக்கிற நேரத்தில் அதைக் கட்டிக்கொண்டு அழ எனக்குத் தெம்பு இல்லை. மொட்டைக் கடுதாசி என்று கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பெயர் போட முடியாமல் எழுத வேண்டியிருப்பதும் நான் சொல்ல வந்த குறைகளில் ஒன்றுதான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் அலுவலகத்தில் தூய்மைப் பணி நடந்தது. திங்கட்கிழமை வந்து பார்த்தால் வாசல் சுவரில் நான்கு ஓட்டை மட்டும் இருந்தது. அந்த இடத்தில் இருபது வருஷத்துக்கும் மேலாக எங்கள் சங்கத்தின் கரும்பலகை இருந்தது. முன்பு கிளைத் தலைவராக இருந்த அண்ணனின் அப்பா தச்சு வேலை செய்பவர், அவர் ஐனிப் பலகையில் சட்டம் அடித்துக் கொடுத்தது. அதில் என்ன பெரிய புரட்சி எழுதிவிட்டோம்? அகவிலைப்படி அரசாணை வந்தால் எழுதுவோம், யாராவது இறந்துபோனால் அடக்கம் எத்தனை மணிக்கு என்று எழுதுவோம், கண் சிகிச்சை முகாம், அப்புறம் வாயிற்கூட்டம். தேடிப் போனேன். ரெக்கார்டு ரூமுக்குப் பின்னால், கால் உடைந்த நாற்காலிகளோடு சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். சாரல் அடித்துப் பாதி அழிந்து, 'மதியம் 1.30 வாயிற்கூட்டம்' என்று நான் எழுதியதில் 'வாயி' வரைக்கும்தான் மிச்சம் இருந்தது. கீழே கிடந்த நான்கு ஸ்க்ரூவையும் பொறுக்கி எடுத்து வந்தேன், எதற்கென்று அப்போது தெரியாது.

கேட்டதற்கு மேலதிகாரி, "மேல இருந்து சொல்லியிருக்காங்க, நான் என்ன செய்ய" என்றார். எழுத்தில் கேட்டோம், பதில் இல்லை. அடுத்த வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது: உணவு இடைவேளையிலும் அலுவலக வளாகத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் கூடக் கூடாது. அதற்கடுத்த வாரம் கிளைச் செயலாளருக்கு மாறுதல். அவளுக்கு வீடு கொல்லங்கோட்டுப் பக்கம், வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா. போட்டது ஆரல்வாய்மொழிப் பக்கம். மாவட்டத்தை மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடி வரை அளக்க வேண்டும், மார்த்தாண்டத்தில் ஒரு பஸ், வடசேரியில் ஒரு பஸ் மாற வேண்டும். ஆணையில் காரணம் மூன்று வார்த்தை: நிர்வாக நலன் கருதி. எங்கள் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், இந்த மூன்று வார்த்தைக்குள் எதை வேண்டுமானாலும் போட்டு மூடலாம்.

ஒரு பலகைக்கும் ஒரு மாறுதலுக்கும் இவ்வளவு பெரிய மடலா என்று கேட்பீர்கள். பலகை போன கதை எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் 2003-ல் இருந்தவள்.

அப்போது எனக்கு நாலு வருஷ சர்வீஸ், மகனுக்குப் பதினோரு மாதம். ஜூலை 2-ந்தேதி வேலைநிறுத்தம் தொடங்கியது. பறிக்கப்பட்ட ஓய்வூதியச் சலுகைகளும், எடுக்காத விடுப்பை ஒப்படைத்துப் பணமாக வாங்குகிற சரண் விடுப்பும் திரும்ப வேண்டும் என்பதுதான் கோரிக்கை. சில நாட்களில் அவசரச் சட்டம் வந்தது, மாநிலம் முழுக்கச் சுமார் 1,70,000 பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை இல்லை, விசாரணை இல்லை, விளக்கம் கேட்கவில்லை, ஒரே நாளில் நான் யாரும் இல்லை என்று ஆனேன். ஆகஸ்ட் 6-ல் உச்ச நீதிமன்றம் ரங்கராஜன் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வேலைநிறுத்தம் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் கிடையாது, சட்ட உரிமையும் கிடையாது, தார்மிக உரிமைகூடக் கிடையாது. பெரும்பாலானவர்களை நிபந்தனையற்ற மன்னிப்பு எழுதி வாங்கிக்கொண்டு திரும்பச் சேர்ப்பது என்று ஏற்பாடு.

அந்த மன்னிப்புக் கடிதம் ஒரு ஜெராக்ஸ் படிவமாக வந்தது. பெயர், பதவி, தேதிக்குக் கோடு போட்டு விட்டிருந்தார்கள், மீதி எல்லாம் அவர்களே அடித்து வைத்தது. எனக்கு முன்னால் நின்றவர் எங்கள் அலுவலக உதவியாளர், ஓய்வுக்கு ஒன்றரை வருஷம் இருந்த மனிதர். கையெழுத்துப் போடப் போனவர் பேனாவை என்னிடம் தந்து, "பிள்ளே, நீ முதல்ல போடு, எனக்குக் கை ஓட மாட்டேங்கு" என்றார். போட்டேன். அந்தப் படிவத்தின் நகல் இன்னும் எங்கள் வீட்டு ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. அன்றைக்கு மன்னிப்புக் கேட்டதில் எனக்கு இன்றும் வெட்கம் இல்லை, வீட்டில் குழந்தை இருந்தது. வெட்கப்பட வேண்டியவர்கள் படிவத்தை அடித்தவர்கள்.

இதில் எல்லாரும் மறந்துபோன ஒன்று உண்டு. நாங்கள் இப்படி முதுகு ஒடிந்து கிடந்த அதே ஆகஸ்டில்தான் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்கான ஆணையும் வந்தது, 2003 ஏப்ரல் 1 முதல் என்று முன்தேதி போட்டு. எதிர்த்துக் கேட்க ஆள் இல்லை. அன்று நாங்கள் அரற்றவும் முடியாமல் இருந்ததன் விலையை, அன்று பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் இப்போது என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, மாதாமாதம் சம்பளத்தில் பத்துச் சதவீதமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். எனவே சங்கத்தின் கையைக் கட்டுவது ஏதோ ஒழுங்கு நடவடிக்கை, அதற்கும் பணி நிபந்தனைக்கும் தொடர்பு இல்லை என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

2003-ல் ஒரு கட்சி ஆட்சி. 2022-ல் வேறு கட்சி ஆட்சி. அந்த வருஷம் அக்டோபரில் அரசாணை 115 வந்தது, மனிதவளச் சீர்திருத்தக் குழு என்று. 'சி', 'டி' பிரிவு என்கிற கீழ்நிலைப் பணியிடங்களை வெளிமுகமை, அதாவது ஏஜென்சி மூலம் நிரப்பலாமா, ஒப்பந்தத்தில் எடுத்துச் சில காலம் வேலையைப் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்யலாமா என்றெல்லாம் ஆராயச் சொல்லியிருந்தார்கள். சங்கங்கள் எல்லாம் எழுந்து நின்ற பிறகு, அந்த ஆய்வு வரம்புகளை ரத்து செய்வதாகவும் சங்கங்களோடு பேசிப் புதிதாக வகுப்பதாகவும் முதலமைச்சரே அறிவித்தார். சரி, நல்லது. ஆனால் காகிதத்தில் ரத்தானது தரையில் ரத்தாகவில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு ஆள் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலி ஆறு மாதம் காலியாக இருக்கும், அப்புறம் ஒருநாள் ஏஜென்சியிலிருந்து ஒரு பிள்ளை வந்து உட்காரும். ஆணை எதுவும் இல்லாமலேயே சீர்திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது.

டெல்லியிலும் கதை வேறல்ல. 2023 ஏப்ரலில் அஞ்சல் துறை, நீண்ட காலமாக இருந்துவந்த தேசிய அஞ்சல் ஊழியர் சம்மேளனத்தின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. விவசாயிகள் போராட்டத்துக்கு நிதி கொடுத்தார்கள் என்பதும் சொன்ன காரணங்களில் ஒன்று. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு நடப்புக்கு வந்துவிட்டது. எங்கள் வேலைக்கு அது நேராகப் பொருந்தாது, ஆனால் பக்கத்து வீட்டு பஸ் டிரைவர் அண்ணனுக்குப் பொருந்தும். அவர் பதினான்கு நாள் நோட்டீஸ் இல்லாமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது, பாதிப் பேர் ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அதுவும் வேலைநிறுத்தக் கணக்குத்தான். "லீவு போடுறதுக்கும் கணக்கா?" என்று அவர் என்னிடம் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல.

இப்போது இந்தச் சங்கப் பாதுகாப்பு எதற்கு என்று உங்களுக்கு உள்ளபடி தெரியுமா என்று எனக்குச் சந்தேகம். சம்பளம் கூட்டிக் கேட்க, வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்க என்று வெளியே நினைக்கிறார்கள், உங்களில் சிலரும் அப்படியே நினைக்கிறீர்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் மாவட்டத்தில் மலையை உடைத்து லாரியில் ஏற்றிக் கேரள எல்லை தாண்டிக் கொண்டுபோவது புதுச் செய்தி இல்லை. ராத்திரி களியக்காவிளை ரோட்டில் நின்றால் யாரும் பார்க்கலாம், டாரஸ் லாரிகள் வரிசையாக. சில வருஷத்துக்கு முன்னால், எனக்குத் தெரிந்த கிராம நிர்வாக அலுவலர் ஒருவர் ஒரு லாரியை நிறுத்தினார். கல் ஏற்றிப் போக அனுமதிக்கிற நடைச்சீட்டைப் பார்த்தார். காலையில் போட்ட சீட்டு, அதே சீட்டில் அன்றைக்கு அது மூன்றாவது நடை. சீட்டின் மடிப்பு கிழிகிற அளவுக்குக் கசங்கியிருந்தது, நேரம் எழுதியிருந்த இடத்தில் பேனாவால் அழுத்தித் திருத்தியிருந்தார்கள். அவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, அறிக்கை எழுதினார். அறிக்கையை மாற்றி எழுதச் சொல்லி ஒருவர் பின் ஒருவராகப் போன். அவர் குறிப்பில் ஒரே ஒரு வரி எழுதினார்: 'மேற்படி அறிக்கையை மாற்றியமைக்க இயலாது.' வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு மாறுதல் ஆணை வந்தது. நிர்வாக நலன் கருதி.

திங்கட்கிழமை மதியம் நாற்பது பேர் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு அலுவலக வாசலில் நின்றோம். இருபது நிமிஷம். கத்தவில்லை, கல் எறியவில்லை, ஒரு பொதுமக்கள் மனுவும் அன்றைக்குத் தேங்கவில்லை, மழை தூறியது, கட்டங்காப்பி குடித்துவிட்டுத் திரும்பப் போய் சீட்டில் உட்கார்ந்தோம். மூன்று நாள் நின்றோம். எட்டாவது நாள் மாறுதல் நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த மனிதர் தைரியசாலி, அது அவர் குணம். ஆனால் அந்த ஒரு வரியை எழுதும்போது அவர் தலைக்குள் இந்த நாற்பது பேரும் இருந்திருப்பார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். நீங்கள் இப்போது தடை செய்திருப்பது அந்த இருபது நிமிஷத்தைத்தான்.

இன்னொரு நாற்காலியைப் பாருங்கள். போன வருஷம் எங்கள் பிரிவில் கம்ப்யூட்டர் வேலைக்கு ஏஜென்சி மூலம் ஒரு பிள்ளை வந்தாள். என் மகன் வயசுதான். எம்.எஸ்ஸி. கணக்கு. கையில் கிடைப்பது 12,000-க்கும் கீழே, அதுவும் எந்தத் தேதியில் வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. பணி நியமன ஆணை என்று ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. பிஎஃப் பிடிக்கிறார்கள், எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று அவள் கேட்டால் ஏஜென்சிக்காரர் 'ஆபீஸில் கேள்' என்கிறார், ஆபீஸில் கேட்டால் 'ஏஜென்சியில் கேள்' என்கிறார்கள். ஒருநாள் அவளிடம் ஒரு பதிவைத் தேதி மாற்றி ஏற்றச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னது யார் என்று எனக்குத் தெரியும், இங்கே எழுத வரவில்லை. அவள் என்னிடம் வந்து, "அக்கா, செய்யலாமா?" என்றாள். "எழுத்துல கேள் பிள்ளே" என்றேன். எத்தனை முட்டாள்தனமான புத்திமதி. எழுத்தில் கேட்க அவள் யார்? எந்தப் பதவியின் பெயரில் எழுதுவாள்? செய்துவிட்டாள். நாலு மாதம் கழித்துத் தணிக்கையில் அது கிளம்பியது. அவளுக்கு மெமோ வரவில்லை, விசாரணை வரவில்லை. ஏஜென்சியிலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி: நாளை முதல் வர வேண்டாம். அவள் டிராயரில் டிபன் பாக்ஸும் ஒரு குடையும் கிடந்தன, அவள் தம்பி வந்து வாங்கிக்கொண்டு போனான்.

அதே தவறை நான் செய்திருந்தால்? ஒழுங்கு நடவடிக்கை விதி 17(ஆ)-வின் கீழ் குற்றச்சாட்டு வந்திருக்கும். என்ன குற்றம் என்று எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும், ஆவணங்களைப் பார்க்க விட்டிருக்க வேண்டும், விளக்கம் கொடுக்க அவகாசம் தந்திருக்க வேண்டும், விசாரணை அலுவலர் முன்னால் சாட்சியை நான் குறுக்கு விசாரணை செய்திருக்கலாம். அப்போது ஒரு கேள்வி கட்டாயம் வந்திருக்கும்: இதைச் செய்யச் சொன்னது யார்? அரசியலமைப்பின் 311-ஆம் பிரிவு எனக்குத் தருகிற இந்தப் பாதுகாப்பினால் தப்பிப்பது நான் மட்டும் இல்லை, உண்மையும்தான். அந்தப் பிள்ளையை அனுப்பியதோடு கேள்வியும் போய்விட்டது. வெளிமுகமை என்பது செலவு குறைக்கிற ஏற்பாடு என்கிறீர்கள். கேள்வி வராமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாடாகவும் அது இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், வருஷக்கணக்காகச் செய்கிற நிரந்தர வேலைக்குத் தற்காலிகம், வெளிமுகமை என்று ஆள் வைத்து உரிமைகளைத் தட்டிக்கழிக்கிற அரசு அலுவலகங்களை உச்ச நீதிமன்றமே கண்டித்தது. மத்திய நீர் ஆணையத்தில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் போட்ட வழக்கு அது.

வாயிற்கூட்டம் பற்றியும் சட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். 1962-ல் காமேஷ்வர் பிரசாத் வழக்கில், எந்த விதமான ஆர்ப்பாட்டமும் கூடாது என்று ஒட்டுமொத்தமாகத் தடுத்த பீகார் அரசின் நடத்தை விதி செல்லாது என்றார்கள். வேலைநிறுத்தம் உரிமை ஆகாது என்பதையும் அதே தீர்ப்பில் சொன்னார்கள், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அமைதியாக நின்று தன் குறையைக் காட்டுவதற்கான உரிமை அரசு வேலையில் சேர்ந்ததால் போய்விடாது. அந்த வருஷக் கடைசியில் ஓ.கே. கோஷ் வழக்கில், அங்கீகாரம் இல்லாத சங்கத்தில் சேரக் கூடாது என்ற மத்திய அரசின் விதியும் அடிபட்டது. ஆக, இருபது நிமிஷம் நின்றதற்கு அனுமதிச் சீட்டுக் கேட்கிற சுற்றறிக்கை எந்தச் சட்டத்தில் நிற்கிறது என்று எழுதித் தாருங்கள், படித்துக்கொள்கிறோம். சங்கம் வைக்கும் உரிமைக்கான 1948-ஆம் வருஷத்து 87-ஆம் எண் சர்வதேசத் தொழிலாளர் உடன்படிக்கையிலும், கூட்டுப்பேரத்துக்கான அடுத்த வருஷத்து 98-ஆம் எண் உடன்படிக்கையிலும் இந்தியா இன்றுவரை கையெழுத்து வைத்து ஏற்கவில்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அதனால் எங்களுக்கு வெளியே இருந்து யாரும் வரப்போவதில்லை.

சங்கங்கள் எல்லாம் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. லஞ்சம் வாங்கிக் கையும் களவுமாகப் பிடிபட்ட ஆளுக்காகக் கொடி பிடித்த சங்கத்தைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்கு நான் நிற்கவில்லை. மாறுதல் வாங்கித் தருவதாகச் சொல்லி வயிறு வளர்த்த தலைவர்களும் உண்டு. பத்து வருஷமாக வரவு செலவு காட்டாத கிளை உண்டு. சங்கத்தில் பதவி இருந்தால் சீட்டில் உட்கார வேண்டாம் என்று நினைப்பவர்கள் எங்கள் அலுவலகத்திலேயே இருந்தார்கள், அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்தது நான். மக்களுக்கு எங்கள் மேல் இருக்கிற கோபம் பாதி நாங்கள் சம்பாதித்ததுதான், ஒரு சாதிச் சான்றிதழுக்கு மூன்று நடை நடந்தவன் எங்கள் போராட்டத்துக்கு எப்படிக் கைதட்டுவான்? இதற்கெல்லாம் விதி இருக்கிறது. லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது, 17(ஆ) இருக்கிறது, உபயோகியுங்கள். ஆனால் நீங்கள் மாற்றியது அந்த ஆட்களை அல்ல. படுத்த படுக்கையாக இருக்கிற அம்மாவை விட்டுவிட்டு ஆரல்வாய்மொழிக்குப் போகச் சொன்னது, ஒரு ரூபாய் வாங்காத ஒரு பெண்ணை.

ஒக்கிப் புயல் வந்த 2017 நவம்பர் 30-ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். மரம் விழுந்து ரோடு இல்லை, கரண்ட் இல்லை, போன் இல்லை. பாதி வழி நடந்தும் பாதி வழி யார் யாரோ பைக்கில் ஏற்றிக்கொண்டும் மறுநாள் காலை அலுவலகத்துக்கு வந்தவர்களில் நானும் உண்டு. கடலுக்குப் போனவர் பெயர், அப்பா பெயர், படகின் நம்பர் என்று மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் எழுதினோம். எங்கள் கிளைக் கரும்பலகையில் அந்த வாரம் முழுக்க எந்தத் தெருவுக்கு யார் போவது என்ற முறைதான் இருந்தது. அன்றைக்கு அது யாருக்கும் அசிங்கமாகத் தெரியவில்லை.

இன்னொன்று சொல்லி நிறுத்துகிறேன். எங்கள் தாத்தா பார்வத்தியக்காரர் கச்சேரியில், அதாவது அந்தக் காலத்துக் கிராம அதிகாரியின் அலுவலகத்தில் சிப்பந்தி, திருவிதாங்கூர் சர்க்காரின் ஆள். 1956 நவம்பர் 1-ல் எங்கள் நாலு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. ராத்திரி படுக்கும்போது ஒரு மாநிலம், காலையில் வேறு மாநிலம், கச்சேரி மொழி முதற்கொண்டு மாறியது. மாறாத ஒன்று, மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு. ஊழியருக்குப் பாதகமாகப் பணி நிபந்தனையை மாற்ற வேண்டுமானால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று அதில் எழுதி வைத்திருந்தார்கள். தாத்தாவுக்குப் பிரிவு நம்பர் தெரியாது, "சர்க்கார் மாறினாலும் சொன்ன வாக்கு மாறலையாக்கும்" என்று மட்டும் சொல்லுவார். மாநிலத்தையே மறுசீரமைத்தவர்களுக்கு இருந்த அந்த யோசனை, அலுவலகத்தை மறுசீரமைக்கிறவர்களுக்கு ஏன் இல்லை?

கேட்பது இவ்வளவுதான். கிளைச் செயலாளரின் மாறுதலை ரத்து செய்யுங்கள். ரத்து செய்ய முடியாது என்றால் 'நிர்வாக நலன்' என்பதற்குள் என்ன இருக்கிறது என்று காரணத்தை எழுத்தில் கொடுங்கள். இனிமேல் எந்தச் சங்கப் பொறுப்பாளரை மாற்றினாலும், மாற்றியவரே மேல்முறையீட்டையும் பார்க்காமல் வேறோர் அதிகாரி முப்பது நாளுக்குள் பரிசீலிக்க வேண்டும் என்று ஆணை போடுங்கள். உணவு இடைவேளையில் கூடுவதற்கு அனுமதி கேட்கிற சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள், இந்த மாவட்டத்தில் வேறு அலுவலகங்களிலும் இதேபோல் வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருந்தால் அதுவும் செல்லாது என்று எழுத்தில் தெரிவியுங்கள்.

பணியிடம் குறைப்பது, பிரிவுகளை இணைப்பது, வெளிமுகமைக்குக் கொடுப்பது எதுவானாலும் வரைவைத் தமிழில் வெளியிட்டு, சங்கங்களுக்கு அறுபது நாள் கொடுத்து, நாங்கள் சொன்னதற்கு ஏற்றோம், ஏற்கவில்லை, ஏன் என்று பதில் எழுதிய பிறகு ஆணை போடுங்கள். 2022-ல் சங்கங்களோடு பேசி வகுப்பதாகச் சொன்ன வாக்குத்தான் இது, புதிதாக எதுவும் கேட்கவில்லை. மாவட்ட அளவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கங்களோடு கூட்டம் நடத்தி, நடவடிக்கைக் குறிப்பை எல்லா அலுவலகங்களுக்கும் அனுப்புங்கள். போராட்ட நோட்டீஸ் கொடுத்த பிறகுதான் டீ வாங்கிக் கொடுத்துக் கூப்பிடுவது என்ற பழக்கம் போதும்.

கோப்பு கையாள்கிற, பதிவேடு ஏற்றுகிற, மக்களுக்குச் சான்று தயாரிக்கிற எந்த நாற்காலியிலும் ஏஜென்சி ஆளை உட்கார வைக்காதீர்கள், காலியிடங்களைத் தேர்வாணையம் மூலம் நிரப்புங்கள். இப்போது இருக்கிற பிள்ளைகளைத் தெருவில் விட வேண்டும் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்களுக்கு நியமனக் கடிதம் கொடுங்கள், சம்பளத்தை ஐந்தாம் தேதிக்குள் நேராக வங்கிக் கணக்கில் போடுங்கள், நீக்குவதற்கு முன்னால் குற்றச்சாட்டும் விளக்கமும் விசாரணையும் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே சேருங்கள், சங்கத்தில் சேர்ந்ததற்காக யாரையும் நிறுத்தக் கூடாது என்றும் சேருங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, தேதியை மாற்றச் சொன்னது யார் என்று கேளுங்கள். அவளுக்குப் பதில் தெரியும்.

2003 மாதிரி விசாரணை இல்லாமல் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்புகிற அவசரச் சட்டம் இனி எந்த ஆட்சியிலும் வராது என்று சட்டமன்றத்தில் சட்டமாகவே சொல்லுங்கள். என் மகன் இப்போது குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருக்கிறான், அந்த ஜெராக்ஸ் படிவத்தை அவனிடம் காட்டலாமா வேண்டாமா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை.

மற்றதற்கெல்லாம் கோப்பு போட்டு, குறிப்பு எழுதி, கையெழுத்து வாங்க நாளாகும், புரிகிறது. கரும்பலகைக்கு ஒன்றும் வேண்டாம். பலகை ரெக்கார்டு ரூமுக்குப் பின்னால் இருக்கிறது, சட்டம் இன்னும் ஆடவில்லை. நான்கு ஸ்க்ரூவும் என் மேசை டிராயரில் இருக்கின்றன.